தேஜாவின் தூக்கம்

"இந்தச் சத்தத்துலயும் உங்க புள்ள எப்படித் தூங்குது பாருங்கக்கா! எங்கூட்டு ராசா கொசு பறந்தாக்கூட எந்திரிச்சுக்குவான்."

பக்கத்து வீட்டு ஹரிதா கத்தித்தான் பேசினாள். சுவருக்கு அந்தப்பக்கம் விசைத்தறிகள் ஓடும் தறிக்குடோன். பல்லடத்துக்குப் புதிதாகக் குடிவந்தவளுக்கு அந்த இரைச்சல் இன்னும் பழகவில்லை.

கயல்விழி தொட்டிலையே பார்த்தாள். பத்து மாதத் தேஜா மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்து, நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

"உயிருக்கு இனிப் பயமில்லைம்மா. ஆனா இந்தக் கிருமி சில குழந்தைங்களுக்குக் காதைக் கெடுத்துரும். திங்கட்கிழமை டெஸ்ட் பண்ணிப் பாப்போம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை வரை மனது பொறுக்குமா? கூப்பிட்டால் குரலுக்குத் திரும்புகிறாளா, முகத்தைப் பார்த்துத் திரும்புகிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை. சற்று முன்புகூடத் தொட்டிலருகே ஒரு தட்டைக் கீழே போட்டுப் பார்த்தாள். குழந்தையின் இமை அசையவில்லை. முன்பும் தறிச் சத்தத்தில் இப்படித்தான் தூங்குவாள். அப்போது பெருமையாக இருந்தது. இன்று அதே தூக்கம் பயமாக இருந்தது.

ஹரிதாவின் தோளில் கிடந்த கவின் மூக்கை உறிஞ்சினான்.

"இவனுக்கு இன்னைக்குத் தடுப்பூசிங்கக்கா. சளியா இருக்குது, அடுத்த வாரம் பாத்துக்கலாமுன்னு..."

"தள்ளிப்போடாத அம்மணி. லேசான சளிக்கெல்லாம் ஊசி போடலாமாம். நானும் சளி சளின்னு உட்டுப்போட்டுத்தான் இந்தக் கதியில நிக்கறேன். நாம அடுத்த வாரம்னா அந்தக் கிருமி காத்துக்கிட்டு இருக்குமா?"

ஹரிதா மகனை இறுக அணைத்துக்கொண்டாள். "இப்படியே போயிர்றேனுங்கக்கா."

கயல்விழியின் கண்கள் நிறைந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். "என்னுங்க, நல்லாத் தூங்கற புள்ளையப் பாத்து அழுவறீங்க?"

"காது கேக்கற புள்ள இப்படித் தூங்குமா, சொல்லு?"

ஹரிதா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

சட்டென்று குடோனில் மட்டும் கரண்ட் போனது. வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. தறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றன. தெருவே ஊமையானது போல் ஓர் அமைதி.

தொட்டிலுக்குள் தேஜா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். உதடு பிதுங்கியது. மறுகணம் வீடே அதிரும்படி வீறிட்டாள்.

"ஐயோ, பயந்துருச்சு போல, தூக்குங்கக்கா!"

கயல்விழி அழுகையும் சிரிப்புமாக மகளை வாரி எடுத்தாள்.

"தறி நின்னது எம்புள்ளைக்குக் கேட்டுருச்சு அம்மணி! பொறந்ததிலிருந்து அதுதானே இவளுக்குத் தாலாட்டு!"