மூன்றாவது கோடு

எடையற்ற விண்நிலையத்தில் எதுவும் அடியில் படிவதில்லை. அதனால் ரத்தத்தில் மெல்லிய மின்சாரம் செலுத்திச் செல்களை வகைவகையாகப் பிரிக்கிறோம். இன்று சோதனைக்கு என் ரத்தத்தையே கொடுத்தேன். கண்ணாடிக் குழாயில் சிவப்பணுக்கள் ஒரு கோடாகவும் வெள்ளையணுக்கள் இன்னொரு கோடாகவும் விலகி நின்றன. அவற்றுக்கு அப்பால் மயிரிழைபோல மூன்றாவதாக ஒரு கோடு. அக்கா ரத்த நோயில் இறந்த வருடம் அவள் ரத்தத்தில் நான் பார்த்த அதே சாம்பல் நிறம்.

“பொற்கொடி, எத்தனை கோடும்மா?” பூமியிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து அருள்தாஸ் சார் கேட்டார்.

“ரெண்டுதான் சார்.”



“குழாயத் தொடச்சிட்டுப் பாரும்மா. எங்க திரையில மூணு தெரியுது.”

துடைத்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. மறுபடியும் துடைத்தேன்.