நனையாத சேலை

தேவனூர் நாட்டு மலைக் கிராமத்தில் மாரியம்மன் நோன்பித் திருவிழா முடிந்த மறுநாள். மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதில் தெருவே வழுக்குகிறது. வெயிலில் மஞ்சள் துளிகள் பறக்கின்றன. கோகிலவாணியின் சேலை மட்டும் நனையவில்லை. காது கேட்பதற்காக ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் மாட்டிய கருவியில் தண்ணீர் படக்கூடாது. அத்தை மகன் முரளி சொம்போடு ஓடிவந்து, அவளைக் கண்டதும் விலகுகிறான். "அவ மேல ஊத்தாதீங்கப்பா. மிஷினு கெட்டா மறுபடி செவிடாயிருவா" என்று மற்றவர்களிடம் சொல்கிறான். அது அவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது. கையை முந்தானையில் துடைக்கிறாள். தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வில்லையை எடுத்ததும் பம்பைச் சத்தம் அறுந்துபோகிறது. கருவியைக் கழற்றி, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வைத்துப் பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் நீட்டுகிறாள். வேண்டாங் கண்ணு என்று அம்மாவின் உதடு அசைகிறது. "பத்திரமா வெச்சிரும்மா. ஊத்திட்டு வாரேன்." மஞ்சள் தண்ணீர் அண்டாவில் குடத்தை முக்கி, முதுகு காட்டி நிற்கும் முரளியின் தலையில் கவிழ்க்கிறாள். அவன் திரும்புகிறான். மஞ்சள் வழியும் முகத்தில் வாய் திறந்து திறந்து மூடுகிறது. போதும், போதும் என்கிறான் போலிருக்கிறது. அவளுக்குத்தான் கேட்காதே. அடுத்த குடத்தை முக்குகிறாள்.