பப்பாளி இலைச் சாறு

மாலை நாலு மணி பத்து நிமிடம். மாலை வகுப்புக்கு இன்னும் நேரமிருப்பதால், ஆஸ்பத்திரியில் சித்தப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் பாபநாசத்து இர்ஃபான். ஜன்னல் வெயில் அவன் முழங்கையில் விழுகிறது. ஊசி போட்ட இடமெல்லாம் நீலம். நீலம் என்பதுகூடச் சரியில்லை, நாவல்பழக் கறை. அவனுடைய அக்கா ஆயிஷா பிளாஸ்கைத் திறந்து பப்பாளி இலைச் சாற்றை டம்ளரில் ஊற்றுகிறாள். போன வருஷம் டெங்குவில் தன் மகளுக்கு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு ஏறியது இதனால்தான் என்று நம்பி, இரண்டு மாதம் தம்பியை இங்கே அனுப்பாமல் வீட்டிலேயே இதைக் கொடுத்திருக்கிறாள். டாக்டர் மதுவந்தி எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைத் தாளோடு நிற்கிறார். "தட்டணு உண்டாக்குற செல் நிறையவே இருக்கும்மா. ஆனா சுத்தி நார் மாதிரி அடைச்சு மஜ்ஜை இறுகிப்போச்சு. அதுங்களால தட்டணுவை ஒழுங்கா ரத்தத்துக்குள்ள விட முடியல." "நாத்து இருக்கு, வயல்தான் இறுகிக் கெடக்குங்கிறீங்க," என்று இர்ஃபான் சிரிக்கிறான். ஈறில் ரத்தம். "அப்ப இந்தச் சாறு?" என்கிறாள் ஆயிஷா. "அது அங்க ஒண்ணும் செய்யாதும்மா. முன்னாடியே வந்திருக்கலாம்." டம்ளரை நீட்டிய கை அப்படியே நிற்கிறது. "குடு ராத்தா. வாய் கசந்தாத்தான் நீ வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்," என்று வாங்கி அவன் அடிவரை குடிக்கிறான். குடித்து முடிக்கும்வரை அவளும் டாக்டரும் தரையைப் பார்க்கிறார்கள்.