பறவைகள் சார்பில்

“யாரு எழுந்து பேசினாலும் பறவையைப் பத்தி மட்டும் பேசுங்க. மத்ததை எல்லாம் மனசுக்குள்ளயே வெச்சுக்குங்க” என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர், நகராட்சிக் கூடத்து வாசலில் எல்லோரையும் நிறுத்திவைத்து. “அதிகாரிக்குப் பறவைன்னா உயிராம். விசாரிச்சிட்டேன்.”

தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதற்குக் கூட்டம் போட்டபோது மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வழி தவறி வந்தவர். இன்றைக்கு அடுக்குமாடியே திரண்டு வந்திருந்தது, முழங்கால் வலிக்காரர்கள் உட்பட.

ஆற்றோரமாகக் கிடக்கும் காலி மைதானத்தில் கடை வளாகம் கட்டுவதா, அல்லது அதை அப்படியே திறந்தவெளியாக விட்டுவிடுவதா என்று நகராட்சி கருத்துக் கேட்டிருந்தது.

மூன்றாம் மாடி நர்ஸம்மா இரவு வேலையை முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

“நீங்க போய்ப் படுங்க சிஸ்டர். நாங்க இருக்கோம்ல?” என்றார் செயலாளர்.

“இன்னிக்கு ஒரு நாள் தூங்கப் போனேன்னா, அப்புறம் என்னிக்குமே தூங்க முடியாது சார்” என்றபடி அவள் உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

முதலில் கடைத்தெரு மளிகைக்காரர் எழுந்தார். “வண்டி நிறுத்த இடமில்ல சார். வளாகம் வந்தா கீழ்த்தளம் முழுக்க வண்டிதான். அந்த மைதானம் யாருக்குப் பிரயோஜனம்? சும்மா கிடக்கு.”

“சும்மா கிடக்கா?” இரண்டாம் மாடி கணக்கு டீச்சர் துள்ளி எழுந்தாள். “அங்க வர்ற கொக்கு எத்தனை, நாரை எத்தனை, உங்களுக்குத் தெரியுமா? அதுங்களுக்கு வேற போக்கிடம் ஏது?” சொல்லும்போதே அவளுக்குத் தொண்டை அடைத்தது. வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகியபோது இவ்வளவு நன்றாக அடைக்கவில்லை.

அடுத்து பல் டாக்டர். “தினமும் அந்தப் பறவைங்க சத்தம் கேட்டுத்தான் நான் கண்ணு முழிக்கிறேன்.” ஆறு அவர் படுக்கையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மளிகைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “சார், என் கடை அந்த மைதானத்துக்கு எதிர்லதான். இப்பப் பேசினவங்கள்ல ஒருத்தரைக்கூட நான் அங்க பாத்ததில்ல!”

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

“பறவைங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் போறதில்ல” என்றாள் டீச்சர்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “ரொம்பப் பெரிய மனசும்மா. ஆனாலும் கேக்கறேன், யாராவது ஒருத்தராவது அங்க போறதுண்டா?”

எல்லாத் தலைகளும் ஒன்றாகப் பின்னால் திரும்பின. கடைசி வரிசையில், மடியில் ஒரு நீளமான கறுப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு, நான்காம் மாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நர்ஸம்மா வீட்டுக்கு நேர் மேல் வீடு. மைதானத்திலிருந்து அப்படியே கூட்டத்துக்கு வந்திருந்தார்.

“அண்ணன் போறார் சார்” என்றார் செயலாளர். “விடிஞ்சதும் போனா வெயில் ஏறினப்புறம்தான் வீடு. மழை பேஞ்சாலும் விடமாட்டார். நாங்களே குடை பிடிச்சுக் கொண்டுபோய் விட்டுட்டு வருவோம்.”

அதிகாரி பெட்டியைப் பார்த்தார். “கேமராவா சார்?”

“இல்லீங்க, இது வந்து...” என்று அவர் கூச்சத்தோடு எழுந்தார்.

“ரொம்ப அடக்கமானவர் சார்” என்று செயலாளர் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

கடைசியாக நர்ஸம்மா எழுந்தாள். பாவம், அவளுக்குப் பறவை மறந்துபோய்விட்டது.

“எனக்கு அழகாப் பேசத் தெரியாது சார். ராத்திரி பூரா கட்டில் கட்டிலா ஓடறேன். அந்த மைதானம் போச்சுன்னா என் தூக்கம் போச்சு. வேற எதுவும் நான் கேக்கல.” அவள் நிஜமாகவே அழுதாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு திறந்தவெளிக்காக இப்படித் தூக்கத்தைத் தொலைச்சவங்களை என் சர்வீஸ்லயே நான் பாத்ததில்லம்மா.”

நான்காம் மாடிக்காரருக்கும் கண் கலங்கிவிட்டது. “அந்த மைதானத்துக்காகவா இத்தனை பேரும் வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க?”

“உங்களுக்காகத்தான் அண்ணே” என்றார் செயலாளர். அன்று காலையிலிருந்து அவர் சொன்னதில் அதுதான் முழு உண்மை.

அதிகாரி எழுந்து நின்றார். “கடை வளாகம் கிடையாது. மைதானம் திறந்தவெளியாவே இருக்கும்.”

கூடம் அதிரக் கைதட்டினார்கள். நர்ஸம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கடை வளாகப் பேச்சு கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“அதோட நிறுத்தப் போறதில்ல” என்றார் அதிகாரி உற்சாகமாக. “உங்க ஆசைப்படியே நாளையிலேருந்து அது பறவைகளுக்கான அமைதிப் பகுதி. நடக்கலாம், உக்காரலாம். சின்னதா ஒரு சத்தம்கூடக் கூடாது.”

கைதட்டல் பாதியில் நின்றது. டீச்சர் செயலாளரைப் பார்த்தாள். செயலாளர் கூரையைப் பார்த்தார்.

நான்காம் மாடிக்காரர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நாற்காலிகளை விலக்கி, முதல் வரிசைக்கு வந்து நர்ஸம்மாவின் தலையைப் பாசத்தோடு தொட்டார்.

“இனிமே அழாதம்மா. வாயில்லாத ஜீவனுங்க, நிம்மதியாத் தூங்கட்டும். நாளையிலேருந்து நான் பழையபடி வீட்டுலயே உக்காந்து சாக்சபோன் பழகிக்கறேன்.”