பங்களா வாசலில் ஒரு படம்

"தோட்டத்து லொறி கியர்பாக்ஸ் ஒன்னோட ஆப்புல விலைக்கு வந்திருக்குன்னு கொழும்பு ஆபீஸ்ல கேக்குறாங்க. லயத்துல குடியிருக்குற கூலி ஆளுங்க திருட்டுதான் இது. இன்னைக்கே ஆப்பை மூடு! இல்லாட்டி ஒங்கம்மாவுக்கு நாளைலேருந்து வேலை கெடையாது" என்று இரைந்தார் தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை.

பழைய வாகனச் சாமான் விற்க அந்த ஆப்பை உருவாக்கிய பிரியந்தி அசையவில்லை.

"மூட மாட்டேங்க. திருடுனது லயத்து ஆளு இல்ல."

"நீ பாத்தியா?"

போனை நீட்டினாள். "விக்கிறவரு போட்ட படங்க. பின்னால தெரியிறது ஒங்க பங்களா வாசல்."

"எவனாவது உள்ள பூந்திருப்பான்!"

"லயத்து ஆளு வாசல்ல கால வச்சா கடிக்கிறதுக்குத்தானே நாய் வளக்குறீங்க? அது கியர்பாக்ஸ் மேல தலைய வச்சு நிம்மதியாத் தூங்குது, பாருங்க."