பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம்

ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு ஆர்வல் லிண்ட்குவிஸ்ட் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார். மதியம் பன்னிரண்டு அடிக்க ஒரே ஒரு நிமிடம் பாக்கி. கீழே சட்டமன்றமே கைதட்டியது.

அந்தத் தலைநகரில் தெருவெல்லாம் குண்டும் குழியுமாக இருந்தாலும், சட்டமன்றக் குவிமாடத்தின் தங்கத் தகட்டில் ஒரு கீறல் விழ விடமாட்டார்கள். உள்ளே பளிங்குத் தூண்கள், சுவர் நிறையத் தேவதைகள். தேவதைகளுக்கு நடுவே கடிகாரம்.

கூட்டத்தொடரின் கடைசி நாளன்று அது பன்னிரண்டு அடித்தால் சபை கலைந்துவிட வேண்டும் என்பது சட்டம். தொண்ணூறு நாள் தூங்கிவிட்டுக் கடைசி நாளில் விழித்துக்கொள்ளும் உறுப்பினர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கடிகாரத்தை நிறுத்திவிட்டால் மதியமே வராது!

இந்த வழக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கட்டடத்துக் கடிகாரங்கள் எல்லாம் ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆர்வலின் வேலை உத்தரவில் எழுதியிருந்தது. ஆனாலும் இருபத்தாறு வருடமாக, வருடத்துக்கு ஒருமுறை ஏணி ஏறி நிறுத்திக்கொடுத்தார்.

இந்த முறை ஏற அவருக்கு மனசே இல்லை. பட்டியலின் கடைசி மசோதா சிற்றூர்ப் பள்ளிகளை மூடுவதற்கானது. அதில் அவருடைய ஊரான ரஸ்கின் கிரீக்கின் பள்ளியும் இருந்தது. அறுபத்து மூன்று குழந்தைகள் இனி பனியில் நாற்பது மைல் பஸ்ஸில் போக வேண்டும். அவர்களுக்குச் சமைத்துப்போடும் ஆர்வலின் மனைவி மேவிஸ் வீட்டில் உட்கார வேண்டும்.

காலையிலேயே சபாநாயகர் பர்டெட்டிடம் மன்றாடிப் பார்த்துவிட்டார். பர்டெட் அவர் தோளில் கை போட்டு, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"என் கையில என்ன இருக்கு, ஆர்வல்? நேரம் இருந்தா எடுப்போம். இல்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கையோடு, மறக்காமல் ஏணியை எடுத்து வைக்கவும் சொன்னார்.

நின்ற கடிகாரத்தின் கீழே ஜனநாயகம் சாவகாசமாக நடந்தது. மாநிலப் பூச்சியாக யாரை அறிவிப்பது, தேனீயையா மின்மினியையா என்று இரண்டு மணி நேரம் விவாதம். தேனீக்காக ஒருவர் கண்ணீரே விட்டார். மின்மினி வேண்டும் என்று மனுப் போட்டவர்கள் பள்ளிக் குழந்தைகள் என்பதால், குழந்தைகளின் குரலுக்கு இந்தச் சபை என்றைக்கும் செவிசாய்க்கும் என்று சபாநாயகர் உருகினார்.

ஆர்வலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுவை அனுப்பியதே ரஸ்கின் கிரீக் பள்ளிதான்.

மின்மினி ஜெயித்தது. எல்லோரும் சட்டையில் மின்மினி வில்லை குத்திக்கொண்டு கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தடியில் ஆர்வல் ஒரு துணியோடு ஏணி ஏறி, கடிகாரத்தை ஒட்டியிருந்த தேவதையின் இறக்கையைத் துடைத்துவிட்டு இறங்கினார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓடாத கடிகாரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

கடைசி மசோதாவுக்காகச் சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். எழுத்தர் தலைப்பை வாசிக்கத் தொடங்கினார். சிற்றூர்க் கல்வியை மேலும் மேம்படுத்தும் பொருட்டு, என்று ஆரம்பித்த அது லேசில் முடிகிற தலைப்பாக இல்லை. நாலாவது வரியில் அவர் மூச்சு வாங்கியபோது, தலைக்கு மேலே 'டங்' என்றது.

பன்னிரண்டும் அடித்து ஓயும்வரை ஒருவரும் அசையவில்லை. மாடத்தில் இருந்த நிருபர்கள் மட்டும் எண்ணி எழுதிக்கொண்டார்கள். சபை கலைந்தது. மசோதா அடுத்த வருடத்துக்குப் போனது.

சபாநாயகர் ஆர்வலை அருகே அழைத்து, யாரைக் கேட்டு இந்தக் காரியம் செய்தீர்கள் என்று பல்லைக் கடித்தார்.

ஆர்வல் துணியை நிதானமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நின்னுபோன கடிகாரத்த ஓட வைக்கத்தானே சார் எனக்குச் சம்பளம்?"