இடையில் விட வேண்டிய இடம்

வடிவுக்கும் பக்கத்து வீட்டு இசபெல்லாவுக்கும் முழங்கால் போய்விட்டது. இருவருமே மாடியில் குடியிருந்தார்கள். படியிறங்கி ஏறி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாததால், இரண்டு பால்கனிகளுக்கும் நடுவே சின்னப் பாலம் போட விதிவிலக்கு கேட்டு நகராட்சியில் மனு கொடுத்தார்கள். அளக்க வந்த ஆய்வாளர் டேப்பை வடிவு கையில் கொடுத்துவிட்டு நுனியை எதிர்ப் பால்கனிக்கு வீசினார். இசபெல்லா பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு வீட்டுக்கும் நடுவுல காலியா விடணும்மா. காத்து, வெளிச்சம் போகணும். பாலத்துக்கு விதியில இடமில்ல.”

“கம்புல மாட்டி விட்டா குழம்புத் தூக்கு போகுது சார். நான் மட்டும் போகக்கூடாதா?” என்றாள் வடிவு.

அவர் அளவைக் குறித்துக்கொண்டார். “அளந்தாச்சு, விட்டுடுங்கம்மா” என்றார் எதிர்ப்பக்கம் பார்த்து. இசபெல்லா விடவில்லை. டேப்பை மெல்ல ஒருமுறை இழுத்தாள். வடிவு சிரித்துக்கொண்டே இங்கிருந்து ஒருமுறை இழுத்தாள். அங்கிருந்து மறுபடி ஓர் இழுப்பு வந்தது.

ஆய்வாளர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை மாட்டினார்.

“அளவு சரியா வரலம்மா. இன்னொரு நாள் வரேன். அதுவரைக்கும் டேப் இங்கயே இருக்கட்டும்.”